நாரிக்கு ஒரு சாட்சி

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் நாரி எது என்று சொல்லத் தேவையில்லை. தமிழகத்தவருக்குச் சொல்லவேண்டும்; அவர்களுக்கு அது செய்யுளில் வரும் பெண். எங்களுக்கோ குனிந்து நிமிரும் இடம். நாள் முழுக்கத் தோட்டம் கொத்தியவன் நாரி முறிய வேலை செய்தவன். வாளியைத் தூக்கப்போய் நிமிர முடியாமல் நின்றால் அது நாரிப்பிடிப்பு. நொச்சி இலை அவித்து ஒத்தடம் கொடுப்பார்கள். தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றுவார்கள். காலால் பிறந்த ஒருவரைத் தேடிப் பிடித்து மெல்ல உதைக்கச் சொல்வதும் உண்டு. பரியாரியார் எண்ணெய் தருவார். ஒரு கிழமை, இரண்டு கிழமை, மிஞ்சினால் ஒரு மாதம். பிடித்தது விட்டுவிடும்.

இன்று விட்பியிலோ ஏஜாக்ஸிலோ ஒரு பிறந்தநாள் விழாவில் அறுபது தாண்டிய நாலு பேர் ஒரு மேசையில் கூடினால் நாரி என்ற சொல் அபூர்வமாகவே வருகிறது. “எனக்கு எல் ஃபோர் எல் ஃபைவ்” என்பார் ஒருவர். “எனக்கு அதுக்குக் கீழ, எல் ஃபைவ் எஸ் வண், டிஸ்க் தள்ளிப்போட்டுது” என்பார் மற்றவர். ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிக்காத ஆச்சிகூடத் தன் முள்ளந்தண்டில் எந்த எலும்புக்கும் எந்த எலும்புக்கும் நடுவே பழுது என்பதை இலக்கத்தோடு சொல்வார். அறிக்கை கைப்பையில் இருக்கும். படம் பதிந்த இறுவட்டு மேசை லாச்சியில் இருக்கும்.

பிடிப்பு எப்படி இலக்கமாயிற்று என்பது நூற்று முப்பது ஆண்டுக் கதை. அதில் மருத்துவம் பாதிதான். மற்றப் பாதி சாட்சி பற்றியது. நோவு வெளியே தெரியாத பொருள். கை முறிந்தால் தொங்கும், காய்ச்சல் என்றால் சுடும். நாரி நோவுக்கு அப்படி எதுவும் இல்லை. நோகிறது என்று சொல்பவரை நம்பலாம், அல்லது நம்பாமல் விடலாம்.

எக்ஸ்றே வருமுன்பே இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் ரயில் ஓடத் தொடங்கி விபத்துகளும் பெருகியபோது, உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் இறங்கி வீட்டுக்குப் போனவர்கள் சில நாள்களில் முதுகு நோவு, நடுக்கம், நித்திரையின்மை என்று வந்தார்கள். கம்பெனிகள் மீது வழக்குப் போட்டார்கள். லண்டன் அறுவை வைத்தியர் ஜோன் எரிக் எரிக்சன் 1866இல் இதைப்பற்றி ஒரு நூலே வெளியிட்டார். முள்ளந்தண்டு குலுங்கியதால் வந்த உண்மையான நோய் என்றது அவர் தரப்பு. காசுக்கான நடிப்பு, அல்லது வெறும் பயம் என்றது கம்பெனிகளின் வைத்தியர்கள் தரப்பு. ‘ரயில் முதுகு’ என்று அதற்குப் பெயரும் விழுந்தது. திறந்து பார்க்க முடியாத முதுகுக்குள் என்ன இருக்கிறது என்று இரு தரப்பும் நீதிபதி முன் சத்தியம் செய்துகொண்டிருந்தன.

1895 நவம்பர் 8ஆம் தேதி ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் ரொன்ட்கன் புதிய கதிரைக் கண்டார். டிசம்பர் 22இல் மனைவி பேர்த்தாவின் கையை மோதிரத்தோடு படம் எடுத்தார். மூன்று மாதத்துக்குள் அந்தக் கதிர் கனடாவில் ஒரு வழக்குக்குப் போய்விட்டது. மொன்றியலில் 1895 நத்தாரின்போது டோல்சன் கன்னிங் என்ற இளைஞரின் காலில் யாரோ சுட்டார்கள். குண்டு எங்கே என்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. 1896 பெப்ரவரி 7ஆம் தேதி மக்கில் பல்கலைக்கழகத்து பௌதிகப் பேராசிரியர் ஜோன் கொக்ஸ், கன்னிங்கின் காலைக் கதிருக்கு முன்னால் நாற்பத்தைந்து நிமிடம் அசையாமல் வைத்துப் படம் பிடித்தார். இரண்டு எலும்புகளுக்கு இடையே குண்டு தெரிந்தது. குண்டை எடுத்தார்கள், தகட்டை நீதிமன்றத்தில் சான்றாக வைத்தார்கள். இந்த நாட்டில் எக்ஸ்றே பிறந்தபோதே ஒரு கையில் கத்தியும் மறு கையில் வழக்குக்கட்டும் இருந்தன என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் முதுகு சொன்னபடி கேட்கவில்லை. கை மெல்லியது, முதுகு தடித்தது. கஷ்டப்பட்டு எடுத்தாலும் எக்ஸ்றே எலும்பைத்தான் காட்டும். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் அதில் வெறும் இடைவெளி. நரம்பு தெரியாது, தசை தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகள் அமெரிக்க வைத்தியர்கள் பலர் இடுப்பெலும்பு முள்ளந்தண்டோடு சேரும் மூட்டையே நாரி நோவின் குற்றவாளியாகப் பிடித்து, அதை அசையாமல் பூட்டும் அறுவைகள் செய்தார்கள். எது கண்ணில் படுகிறதோ அதன் தலையில் பழி விழும். இந்த வழக்கம் பின்னர் வந்த கருவிகளோடும் கூடவே வந்தது.

இதே காலத்தில் ஒன்ராறியோவில் இன்னொன்று நடந்தது. தலைமை நீதியரசர் வில்லியம் மெரெடித்தின் அறிக்கையின்படி தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1914இல் நிறைவேறி 1915 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி முதலாளிமேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்தான். பதிலுக்கு, யார் பிழை என்று கேட்காமல் நட்டஈடு என்றது சட்டம். பெரிய சட்டம்தான். அறுந்த விரலுக்கு அது நேராக வேலை செய்தது. நாரிக்கு? யார் பிழை என்ற கேள்வி போய், நோவு உண்மையா என்ற கேள்வி அந்த இடத்தில் குந்திக்கொண்டது. விட்பி ஏரிக்கரையில் மனநல வைத்தியசாலையாகக் கட்டிய கட்டடங்களை 1917 முதல் 1919 வரை முதல் உலகப் போரில் காயப்பட்ட படைவீரர்கள் தேறிவரும் இடமாக இராணுவம் பாவித்தது. காயம் வெளியே தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் உலகம் எப்படி இரண்டு முகம் காட்டும் என்பது அங்கே கிடந்தவர்களுக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லாத பாடமாக இருந்திருக்கும்.

டிஸ்க் மேடைக்கு வந்தது கொஞ்சம் தற்செயலாக. பாரிசில் சிக்கார் என்ற வைத்தியரும் அவரது மாணவர் ஃபோரெஸ்தியேயும் கசகசா எண்ணெயில் அயடீன் கலந்த லிப்பியோடோல் என்ற மருந்தை முதுகு நோவுக்கு ஊசியாகப் போட்டு வந்தார்கள். 1921இல் ஊசி தவறிப்போய் எண்ணெய் முள்ளந்தண்டுக் குழாய்க்குள் இறங்கிற்று. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எக்ஸ்றேயில் பார்த்தால் எண்ணெய் குழாய்க்குள் கறுத்த துளியாக வழுகுவது தெரிந்தது. எங்கே தடை உண்டோ அங்கே அது நிற்கும். இதுவே மைலோகிராம். பின்னாளில் பாவித்த பான்டோபேக் என்ற எண்ணெய் சிலருக்கு நரம்பைச் சுற்றிய சவ்வில் தீராத அழற்சியை உண்டாக்கியது என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். நோவின் காரணத்தைத் தேடப்போய் வாழ்நாள் நோவைக் கொடுத்த பரிசோதனை அது.

பொஸ்ரனில் 1932இல் எலும்பு வைத்தியர் ஜோசப் பார், கால் வரைக்கும் நோவு இறங்கும் ஒரு நோயாளியை நரம்பறுவை வைத்தியர் வில்லியம் ஜேசன் மிக்ஸ்டரிடம் அனுப்பினார். கட்டி என்று நினைத்துத் திறந்தார்கள். எடுத்த துண்டை ஆராய்ந்தபோது அது கட்டியல்ல, உடைந்து வெளியே வந்த டிஸ்க். முன்பு ‘கட்டி’ என்று பெயரிட்டுப் போத்தலில் வைத்திருந்தவற்றையும் எடுத்துப் பார்த்தார்கள்; பலவும் டிஸ்க்கே. 1934 ஆகஸ்ட் மாதம் பத்தொன்பது நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. காலுக்கு இறங்கும் நோவுக்கு ஒரு தெளிவான காரணத்தை அது கண்டுபிடித்தது. மெய்யான, பெரிய கண்டுபிடிப்பு. நரம்பு நசிபட்டுக் கால் நோவால் துடித்தவர்கள் எழுந்து நடந்தார்கள். பிறகு நடந்ததுதான் பிசகு. காலுக்கு இறங்கும் நோவுக்கான விளக்கத்தை நாரியோடு நின்றுவிடும் நோவுக்கும் பூசினார்கள். பத்துப் பேரில் ஒருவருக்குப் பொருந்துவதைப் பத்துப் பேருக்கும் தைத்த சட்டை.

ரொறொன்ரோவுக்கு இந்தக் கதையில் நல்ல பங்கு உண்டு. வெலஸ்லி வைத்தியசாலையின் எலும்பு அறுவை வைத்தியர் இயன் மக்னாப் 1971இல் ஒரு நேர்மையான கட்டுரை எழுதினார். டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று திறந்து பார்த்தும் அங்கே அது இல்லாமற்போன அறுபத்தெட்டு நோயாளிகளைப் பற்றியது. வேறு எங்கே, எப்படி நரம்பு நசிபடலாம் என்று அவர் ஒவ்வொன்றாகத் தேடினார். வெற்றியை எழுதும் வைத்தியர்கள் நிறைய. வெறும் கையோடு வெளியே வந்ததை எழுதுபவர்கள் குறைவு. அந்த வைத்தியசாலை இருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் செயின்ட் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகள். 1983க்குப் பிறகு வந்த எங்களவர்கள் ஒரு அறைக்குள் ஐந்தாறு பேராக இருந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, இரவு இரண்டு மணிக்கு நாரியைப் பிடித்துக்கொண்டு படியேறிய அதே வெலஸ்லியும் பார்லிமென்ட்டும்.

கருவிகள் அதற்குள் வேறு கட்டத்துக்குப் போய்விட்டன. பீட்டில்ஸின் இசைத்தட்டுகளை வெளியிட்ட ஈ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியியலாளர் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்பீல்டின் சி.ரி. ஸ்கான் 1971 ஒக்ரோபர் முதலாம் தேதி முதல் நோயாளியைப் பார்த்தது. 1973இல் போல் லோட்டர்பர் காந்தப்புலத்தால் படம் வரையும் வழியை வெளியிட்டார், அதுவே எம்.ஆர்.ஐ. ஆயிற்று. கனடாவின் முதல் எம்.ஆர்.ஐ. 1982இல் ஒன்ராறியோவின் லண்டன் நகரத்து செயின்ட் ஜோசப் வைத்தியசாலைக்கு வந்தது. எண்ணெய் வேண்டாம், ஊசி வேண்டாம், கதிர் வேண்டாம். டிஸ்க் தெரிந்தது, அதற்குள் நீர் வற்றியது தெரிந்தது, நரம்பு தெரிந்தது. நூறு வருடமாகத் தேடிய சாட்சி கடைசியில் வாய் திறந்துவிட்டதென்றே பலரும் எண்ணினார்கள்.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தவர்கள் அதிகம் இல்லை. ஆனால் இருந்தார்கள். 1968இலேயே ஹிட்செல்பேர்கர், விட்டன் என்ற இருவர், காது நரம்புக் கட்டியைத் தேடுவதற்காக மைலோகிராம் செய்த முந்நூறு பேரின் முதுகையும் பார்த்தார்கள். முதுகு நோவு இல்லாதவர்கள். அவர்களில் 37 வீதமானவர்களின் படத்தில் பழுது இருந்தது. 1990இல் ஸ்கொட் போடனும் கூட்டாளிகளும் வாழ்நாளில் நாரி நோவே வராத அறுபத்தேழு பேரை எம்.ஆர்.ஐ.க்குள் படுக்கவைத்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறிப்பிடத்தக்க பழுது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் 57 வீதம். 1994இல் மோரீன் ஜென்சன் குழு நோவில்லாத தொண்ணூற்றெட்டுப் பேரைப் பார்த்தது. பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் புடைத்திருந்தது. 2015இல் இப்படியான முப்பத்துமூன்று ஆய்வுகளை, மூவாயிரத்துக்கு மேற்பட்ட நோவில்லாத மனிதர்களை, ஒன்றாக்கிப் பார்த்தார்கள். இருபது வயதிலேயே 37 வீதமானோரின் டிஸ்க் சிதையத் தொடங்கியிருந்தது. எண்பது வயதில் 96 வீதம்.

இந்த எண்களை நிதானமாக வாசிக்கவேண்டும். படம் பொய் சொல்லவில்லை. டிஸ்க் உண்மையிலேயே புடைத்திருக்கிறது. ஆனால் நோவு இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது புடைத்திருக்கிறது. ஆகவே நோவுக்கு அதுதான் காரணம் என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தலைமுடி நரைத்தவருக்குத் தலையிடி வந்தால் நரையின்மேல் பழி போடுவோமா?

அதற்காகப் படமே வேண்டாம் என்பதல்ல. படத்தால் உயிர் தப்பியவர்கள் இருக்கிறார்கள். முள்ளந்தண்டைத் தின்னும் காசநோயை பேர்சிவல் பொட் 1779இல் விவரித்தார். எங்கள் நாடுகளில் அது இன்னும் பழங்கதையாகவில்லை. அதை நேரத்தோடு காட்டுவதில் எம்.ஆர்.ஐ.க்கு இணையில்லை. முன்பு புற்றுநோய் வந்தவர், காய்ச்சலோடு நாரி நோபவர், காரணமில்லாமல் மெலிபவர், விழுந்தெழும்பிய முதியவர், ஸ்டீரொயிட் மருந்து எடுத்து எலும்பு பலவீனமானவர், படுத்தாலும் இரவு முழுக்க விடாத நோவுள்ளவர், கால் நாளுக்கு நாள் பலமிழப்பவர் – இவர்களுக்குப் படம் வேண்டும். சலம் போகாமல் கட்டிவிட்டால், மலம் அடக்க முடியாமல் போனால், சைக்கிள் இருக்கை படும் இடம் மரத்துப்போனால், அது அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு ஓடவேண்டிய விஷயம். கூச்சத்தால் எங்கள் அம்மாக்கள் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுவதும் இந்த மூன்றையும்தான்.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் ஆய்வு கோயம்புத்தூரில் நடந்தது. 1978இல் தொடங்கிய கங்கா மருத்துவமனையின் எலும்புப் பிரிவுத் தலைவர் எஸ். ராஜசேகரன், டிஸ்க் எப்படி உணவு பெறுகிறது, எங்கே கிழிகிறது என்பதை எம்.ஆர்.ஐ. கொண்டே ஆராய்ந்து உலகப் பரிசுகள் பெற்றவர். கருவியின் எதிரியல்ல. அவரும் கூட்டாளிகளும் 2021இல் வெளியிட்ட ஆய்வு படத்தைப் பற்றியதல்ல, படத்தின் கீழே எழுதப்படும் வாக்கியங்களைப் பற்றியது. நாள்பட்ட நாரி நோவுள்ளவர்களை எழுமாற்றாக இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ளதை உள்ளபடி விளக்கினார்கள். மற்றக் குழுவுக்கு, இவை வயதோடு வருபவை, பயப்பட ஏதுமில்லை என்றார்கள். ஆறு கிழமையின் பின், அறிக்கையை வரி வரியாகக் கேட்டவர்கள் தங்கள் முதுகைப் பற்றி அதிகம் பயந்தார்கள், அவர்களுடைய நோவு குறைந்தது குறைவு, நடமாட்டமும் குறைவு. பயங்கரச் சொற்களை எடுத்துவிட்டு அறிக்கையைத் திருப்பி எழுதிக் காட்டியபோது வைத்தியர்களின் கணிப்பும் மாறியது. அதாவது அந்த ஆங்கிலச் சொற்கள் நோயாளியை மட்டுமல்ல, கத்தி பிடிப்பவரையும் பயமுறுத்தியிருக்கின்றன.

கோயம்புத்தூரில் வைத்தியர் தமிழில் விளக்கினார். விட்பியில் அறிக்கையை விளக்குவது பெரும்பாலும் பதினேழு வயதுப் பேத்தி. ‘டிஜெனரேஷன்’ என்ற சொல்லுக்கு அவள் கைத்தொலைபேசியில் தேடினால் ‘சிதைவு’ என்று வரும். இன்னும் கொஞ்சம் தமிழ் தெரிந்தவள் ‘தேய்மானம்’ என்பாள். கேட்கும் அம்மம்மாவின் மனக்கண்ணில் அம்மிக்கல் தேய்கிறது, செருப்பு தேய்கிறது. தேய்ந்தது திரும்பி வளராது. பாவித்தால் இன்னும் தேயும். ஆகவே அவர் குனிவதை விடுகிறார், நடப்பதை விடுகிறார், பேரனைத் தூக்குவதை விடுகிறார். நாரி நோவுக்கு உலகம் முழுக்க வைத்தியர்கள் சொல்லும் முதல் ஆலோசனை அசைந்துகொண்டிரு என்பது. பிடிப்பு என்ற எங்கள் சொல்லில் அதற்கு இடம் இருந்தது; பிடித்தது விடும் என்று சொல்லே சொன்னது.

மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், உடம்பின் உள்ளுறுப்புகளைத் தமிழில் எழுதிவிட முடியும் என்று நம்பினார். 1873 வரை அங்கிருந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். எக்ஸ்றே பிறக்குமுன் 1884இல் மாசசூசெற்ஸில் இறந்துபோனார். கிறீன் வேலை செய்த காலத்தில் எங்கள் ஆட்களின் உடலைப் பற்றிய அறிவு எங்கள் மொழிக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது அது ஓர் ஆங்கிலக் கடிதமாக வந்து லாச்சிக்குள் கிடக்கிறது.

ஒன்ராறியோ அரசு 2012இல், சந்தேகப்படக் காரணம் இல்லாத நாரி நோவுக்கு எக்ஸ்றே, சி.ரி., எம்.ஆர்.ஐ. எடுப்பதற்குக் காசு கொடுப்பதை மட்டுப்படுத்தியது. மறுவருடம் வெளிவந்த ஓர் ஆய்வு ஒன்ராறியோவிலும் அல்பேர்ட்டாவிலும் ஒவ்வொரு வைத்தியசாலையில் நாரி எம்.ஆர்.ஐ.க்கு வந்த விண்ணப்பங்களைப் பார்த்தது. அவற்றில் பாதிகூடத் தேவையானவையாக இருக்கவில்லை. எங்களவர்களிடையே இதற்கு வேறு விளக்கம் உண்டு: “காசு மிச்சம் பிடிக்கிறாங்கள்.” விடுமுறைக்குச் சென்னைக்கோ கொழும்புக்கோ போகும்போது காசு கட்டி ஸ்கான் எடுத்து வருபவர்கள் பலர். அவர்களைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனமில்லை. களஞ்சியத்தில் பெட்டி தூக்கிய ஒருவர் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, கார் விபத்துக்குப் பின் காப்புறுதி அதிகாரியின் முன் இருக்கும்போது, அவரை நோக்கி வரும் கேள்வி 1866இல் வந்த அதே கேள்விதான். அப்போது படத்தில் ஒரு கறுத்த டிஸ்க் இருந்தால் அவர் நம்பப்படுகிறார். படம் சுத்தமாக இருந்தால் நடிக்கிறார். நோவை நீக்குவதற்கல்ல, நம்பப்படுவதற்காகப் படம் கேட்கிறவரிடம் மருத்துவ ஆய்வைக் காட்டி என்ன பயன்?

எங்களில் சிலருக்கு இந்தக் கேள்வி இன்னும் கனமானது. தடுப்பு முகாமில் நாரியில் அடி வாங்கியவரின் எக்ஸ்றே பத்து வருடத்துக்குப் பின் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கு 1999இல் ஐ.நா.விடம் கையளித்த இஸ்தான்புல் நெறிமுறை, உடம்பில் தடயம் இல்லை என்பதால் சித்திரவதை நடக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது. தொழிற்சாலை நாரிக்கும் விபத்து நாரிக்கும் அப்படி ஒரு நெறிமுறையை எவரும் எழுதவில்லை.

ரொறொன்ரோ எலும்பு வைத்தியர் ஹமில்டன் ஹோல் 1974இலிருந்து முதுகு நோவுக்காரருக்கு வகுப்பு நடத்தியவர். அவர் வழியில் வந்த முறையே இப்போது ஒன்ராறியோக் குடும்ப வைத்தியர்களின் கையில் இருக்கிறது. படத்துக்கு முன் சில கேள்விகள். நோவு நாரியில் கூடவா, காலில் கூடவா? எந்த நேரமும் நோகுதா, விட்டு விட்டு நோகுதா? குனிந்தால் கூடுதா? சலம் போவதில் ஏதும் மாற்றம் உண்டா? இவற்றுக்கு வரும் பதிலை வைத்து நோவின் வகையை அநேகமாகப் பிரித்துவிடலாம் என்பது அவர் கண்ட அனுபவம். காந்தம் தேவையில்லை. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் பொதுவாக ஒரு மொழி தேவை. கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது பேத்தி அறைக்கு வெளியே நிற்பதும் தேவை.